ஸ்கோப் வந்தது, புரோப் வரவில்லை

போன மாதம் பண்டாரவளையில் எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகப் பழகும் சிலர் ஒரு கூட்டம் வைத்து என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் வங்கியில் வேலை செய்யும் ஒருவர் ஒரு ஸ்கோப்பைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். கம்பிக்குள் ஓடும் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. நல்ல கருவி, கீறல்கூட இல்லை.

"இதோட புரோப் ஒடஞ்சிருச்சுங்க சேர். வேற கம்பெனி புரோப் போட்டா மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. ஒரிஜினல் வெலய கேட்டா தல சுத்துது. அதான் அலுமாரியில வெச்சுட்டேன்" என்றார்.

புரோப் என்பது பேனா மாதிரி ஒரு சாமான். அதன் முனையால் தொட்டால்தான் ஸ்கோப்புக்குக் கண் தெரியும். அது இல்லாவிட்டால் ஸ்கோப் வெறும் பெட்டி.

இதே பேச்சை, இதே சலிப்போடு, இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பதுளையில் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். "அலுமாரியில வெக்காதீங்க, வெளியில எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் பயந்தே போனார். அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவருக்குப் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பதுளைக்கு வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹனீபா முதலாளியின் ரேடியோ, டீவி திருத்தும் கடையில் சேர்ந்தேன். வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை சுட்டது, மின்சாரம் அடித்தது, பிறகு சுடவில்லை, அடிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கடையின் பின்மேசை முழுக்க என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

ஆனால் முதலாளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட சட்டைக்கை, காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். பழுதான எந்தச் சாமானையும் அவர் உடனே திறக்க விடமாட்டார். கொண்டுவந்தவரை உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்து, கதை கேட்பார். அந்தச் சாமான் வீட்டில் எங்கே இருக்கிறது, யார் போடுவது, எந்த நேரம் மக்கர் பண்ணுகிறது என்று எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"மொதல்ல வாயால செல்லு. பொறகு கையால தொடு."

என்ன பழுது என்று நினைக்கிறேன், திறந்தால் என்ன தெரியவேண்டும், இரண்டையும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஸ்க்ரூவில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவார்.

ஒருமுறை லுணுகலையிலிருந்து ஒருவர் ரேடியோ கொண்டுவந்தார். காலையில் மட்டும் பாடாதாம். கடையில் வைத்து நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தோம், அருமையாகப் பாடியது. "ரேடியோ எங்க வெச்சிருக்கீங்க?" என்று முதலாளி கேட்டார். ஜன்னலோரமாம். உடனே பக்கத்துக் கூல்பாரிலிருந்து ஐஸ்கட்டி வாங்கிவரச் சொன்னார். அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு ரேடியோவின் உள்தகட்டில் ஒவ்வோர் இடமாக ஒற்றினார். ஒரு மூலையில் ஒற்றியதும் பாட்டு நின்றுவிட்டது! குளிரில் சுருங்கி விரியும் ஒரு வெடித்த இணைப்பு. ஒரு சொட்டு ஈயத்தில் வேலை முடிந்தது. அந்த மாதிரி நேரங்களில் முதலாளி சிரிக்கமாட்டார். புருவத்தை மட்டும் ஒருமுறை உயர்த்துவார். அந்தப் புருவத்துக்காகவே வேலை செய்யலாம்.

அப்படிப்பட்ட மனிதரையே திணறடித்தது பாக்கியம் அக்காவின் காது மெஷின்.

பாக்கியம் அக்கா எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் வேலை. முழங்கால் பழுதாகி மலையேற முடியாமல் போனபிறகு அந்த வேலை கிடைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காது மங்க, ஏதோ ஒரு இலவச முகாமில் மெஷின் கொடுத்திருந்தார்கள். சட்டைப்பையில் வைக்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர்.

"காலையில போட்டா மத்தியானத்துக்குள்ள பேட்டரி செத்துப் போவுது தம்பி!" என்று கடை அதிரச் சொன்னார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தத்தின் அளவு தெரிவதில்லை. "கேக்குறதும் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. கொழும்புக்குக் குடுத்தனுப்புனேன். உள்ளுக்கு இருக்கிறத முழுசா மாத்தணுமாம், தனியா ஒரு சாமானும் விக்க மாட்டாங்களாம். அந்தக் காசுக்கு நான் எங்க போவேன்?"

முதலாளி எழுதியும் சைகை காட்டியும் கதை கேட்டார். கதையின் முடிவில்தான் விஷயம் வந்தது.

"தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு, காது கேக்காதவங்கள நம்பிப் புள்ளைங்கள விட ஏலாதுன்னு. அவர் சொல்றதும் நாயந்தானே? தொட்டில்ல ஒரு புள்ளைக்கு மூச்சு முட்டுனா எனக்குக் கேக்கணுமே. இந்த மாசம் வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குப் பொறகு மலைக்குத்தான். இந்த முழங்காலோட எப்புடி தம்பி ஏறுவேன்?"

மெஷினைத் திறந்தேன். மின்சாரம் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. சரி, எங்கே போகிறது என்று பார்க்க, மின்சாரம் அளக்கும் மீட்டரின் முனையை உள்ளே வைத்தேன். வைத்த அந்தக் கணத்தில் மின்சாரம் சட்டென்று குறைந்தது, சத்தமும் மணிபோல ஆனது. முனையை எடுத்தேன், பழையபடி கெட்டது. வைத்தேன், சரியானது. தொட்டால் சுகம், விட்டால் நோய்!

"செல்லு" என்றார் முதலாளி.

"உள்ளுக்குள்ள ஏதோ சும்மா கத்திக்கிட்டு இருக்கு மொதலாளி. மனுசக் காதுக்குக் கேக்காத உச்சத்துல கத்துது. அதுதான் பேட்டரிய திங்குது. நம்ம மீட்டர் வயர் பட்டதும் அந்தப் பாரத்துக்கு அடங்கிப் போவுது."

"எந்த எடத்தில கத்துது?"

"அது பார்க்காமத் தெரியாது. பார்க்கப் போனா அடங்கிருதே."

தொட்டும் தொடாமலும் பார்க்கிற கண் ஒன்று வேண்டும். நல்ல புரோப் போட்ட ஸ்கோப்புக்குத்தான் அது முடியும். எங்கள் கடையில் ஸ்கோப் கிடையாது. பதுளையில் அப்போது எந்தத் திருத்தும் கடையிலும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஆனால் பரமேஸ்வரி டீச்சரிடம் ஒன்று இருந்தது.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வந்து உதிரிச் சாமான் பெட்டியைக் கிளறுவார். தன் அறையிலேயே ரேடியோ செய்து தூர தேசத்து நிலையங்களைப் பிடிப்பது அவருக்குப் பைத்தியம். கனடாவில் இருந்த தம்பி, அக்காவின் பைத்தியம் தெரிந்து, யாரோ பாவித்த பழைய ஸ்கோப் ஒன்றை வாங்கி, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி அனுப்பியிருந்தார். ஸ்கோப் வந்தது, புரோப் வரவில்லை.

"எங்கட வயர் எதைக் குடுத்தாலும் ஏற்காது. 'அங்கீகரிக்கப்பட்ட புரோப்பை இணைக்கவும்' எண்டு இங்கிலீசில ஒரு வரி வரும், அவ்வளவுதான்" என்றார் டீச்சர், அந்தச் சனிக்கிழமை வந்தபோது. "கொழும்பில ஏஜென்ட்டிட்டைக் கேட்டனான். ரெண்டு புரோப் சேர்த்துத்தான் விப்பினமாம். அந்தக் காசுக்குத் தம்பி இன்னொரு ஸ்கோப்பே வாங்கி அனுப்பலாம். சைக்கிளை வாங்கிப்போட்டு, பெடலுக்குச் சைக்கிளை விடக் கூடக் காசு கேட்டால் என்ன செய்யிறது? கட்டிலுக்குக் கீழ வைச்சிட்டன்."

"கொண்டாங்க டீச்சர்!" என்றேன்.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. பின்கதவால் ஸ்கோப்பைத் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். அதன் முகத்தில் புரோப் செருகும் வட்டமான சொக்கெட். எந்த ஸ்கோப்பிலும் இருப்பதுதான். ஆனால் இதில் அந்த வட்டத்துக்கு வெளியே, ஓர் ஓரத்தில், அரிசி அளவில் ஒரு தங்க நிறத் தொடுமுனை துருத்திக்கொண்டு இருந்தது. டீச்சர் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இதாலதான் 'நீ ஆர்?' எண்டு கேக்குது" என்றார்.

நான் மீட்டரை எடுத்தேன். முதலாளி கையைத் தட்டினார்.

"நில்லு. இது நம்மட சாமான் இல்ல. டீச்சர்ட தம்பி குளிர்ல ஒழச்சு வாங்கின சாமான். அந்த முனையில தப்பான ஒண்டக் குடுத்து உள்ளுக்கு இரிக்கிறது எரிஞ்சிட்டா, அத எழுப்ப இந்த ஊவா மாகாணத்தில ஆள் இல்ல."

அவர் சொன்னது சரி. மீட்டரைக் கீழே வைத்தேன். டீச்சர் ஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"கட்டிலுக்குக் கீழ கிடந்தாலும் அது செத்ததுதான், ஹனீபா நானா. பாப்பம். ஆனா நீங்கள் சொல்லுற மாதிரியே செய்வம், முதல்ல வாயால."

முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் அடியையும் மூவரும் வாய்விட்டுச் சொன்னபிறகே கை வைத்தோம். முதலில் அந்த முனையில் எதையும் கொடுக்காமல், அது என்ன வைத்திருக்கிறது என்று மட்டும் அளந்தோம். சின்ன மின்னழுத்தம் ஒன்று இருந்தது. பிறகு மிகப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை, அதாவது மின்சாரம் இம்மியளவே போகும்படியான தடையை, முனைக்கும் பூமி வயருக்கும் நடுவே வைத்தோம். மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கியது. இன்னும் சிறிய தடை வைத்தோம், இன்னும் இறங்கியது.

டீச்சர் எழுந்தே நின்று என் பக்கம் திரும்பினார். "விளங்குதோ செல்வராஜ்? அது வேற ஒண்டும் பார்க்கேல்லை! புரோப்புக்குள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கு. அதின்ரை அளவைத்தான் பார்க்குது. அளவு சரியெண்டால் கதவு திறக்கும்!"

"என்ன அளவு?" என்றார் முதலாளி.

அதுதான் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி வைத்துப் பார்த்தால் பொழுது போதாது. டீச்சர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். செத்துப்போன ரேடியோ ஒன்றின் முகத்தைக் காட்டினார். அதன் வொல்யூம் திருகி! சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி என்பது வேறொன்றுமில்லை, திருகத் திருக அளவு மாறும் ஒரு ரெசிஸ்டர்தான். நான் அதைக் கழற்றி எடுத்தேன். முதலாளி அதோடு ஒரு நிலையான ரெசிஸ்டரையும் தொடராகச் சேர்க்கச் சொன்னார், கை தவறிக் கடைசிவரை திருகினாலும் ஸ்கோப்புக்கு ஆபத்து வராமல் இருக்க.

திருகியை டீச்சரிடம் கொடுத்தேன். "நீங்களே திருப்புங்க டீச்சர்."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். ஆங்கில வரி அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம். அப்படியே. மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நான் திரையையே பார்த்தேன், கண் எரிந்தது. முதலாளியின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

'டிக்' என்று ஸ்கோப்பின் வயிற்றுக்குள் ஒரு சத்தம். அந்த வரி மறைந்தது. திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை பச்சையாக ஒரு கோடு!

"ஐயோ! வந்திட்டுது, வந்திட்டுது!" டீச்சர் கூவினார். நான் மேசையில் குத்தியதில் ஸ்க்ரூ எல்லாம் தரையில் சிதறியது. முதலாளியைப் பார்த்தேன். இரண்டு புருவமும் தொப்பிக்குள் போயிருந்தன.

திருகியை அசைக்காமல் கழற்றி அளந்தோம். எங்கள் டப்பாவில் குவிந்து கிடக்கும் சாதாரண ரெசிஸ்டர் ஒன்று. ஒரு டொஃபியின் விலைகூட இல்லை. அதைத்தான் புரோப்புக்குள் ஒளித்துவைத்து, 'எங்களிடம் மட்டுமே வாங்கு' என்று அத்தனை காசு கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் வந்ததெல்லாம் சிரிப்புதான். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு புரோப்பை நாங்களே செய்தோம். பேனாக் குழாய் உடம்பு, தையல் ஊசி முனை, டீவி அன்டனா வயர் போன்ற உறை போட்ட வயர். ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தடை, அதனோடு பாக்கெட் ரேடியோவிலிருந்து எடுத்த, ஸ்க்ரூவால் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சின்னக் கண்டென்சர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும் சாமான். இந்த இரண்டும்தான் 'தொட்டும் தொடாமலும்' பார்க்க வைப்பவை. சொக்கெட்டின் தங்க முனையைத் தொடுவதற்கு, பழைய கெசட் பிளேயரின் பித்தளைத் தகட்டை வளைத்து, அதற்கு அந்த டொஃபி விலை ரெசிஸ்டரை இணைத்தேன்.

சரி பார்க்க ஸ்கோப்பே ஒரு சதுர அலை தருகிறது. அதைத் தொட்டால் திரையில் சதுரம் தெரியவேண்டும். எங்களுக்குத் தெரிந்தது மூலை மழுங்கிய சோப்புக்கட்டி. ஸ்க்ரூவைத் திருப்பினேன், மூலையில் கொம்பு முளைத்தது. கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பினேன், கொம்பு அடங்கி மூலை நிமிர்ந்தது. கையை எடுத்தேன், மறுபடி மழுங்கியது! என் கை பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் அதற்குத் தெரிகிறது. பேனாவுக்கு உலோக உறை போடவேண்டும். முதலாளி மூலையில் இருந்த பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைச் சர்ரென்று கிழித்துத் தந்தார். சுற்றிப் பூமி வயரோடு இணைத்தேன். இப்போது கை வைத்தாலும் சதுரம், எடுத்தாலும் சதுரம். கத்தியால் வெட்டியது போல நான்கு மூலை. அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாக்கியம் அக்காவுக்கு ஆள் அனுப்பினோம். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். டீச்சரும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்தார். மெஷினைத் திறந்து, எங்கள் பேனா முனையால் முதல் இடத்தைத் தொட்டேன். கோடு அமைதியாக இருந்தது. அடுத்த இடம், அதுவும் அமைதி. பேட்டரி உள்ளே வரும் வழியில் தொட்டேன்.

திரை முழுக்கப் பச்சை! மேலிருந்து கீழ்வரை தடித்த அலை. ஒருவரும் பேசவில்லை, கடையில் ஒரு சத்தமில்லை, ஆனால் அந்தச் சின்னப் பெட்டி கூரை பிய்யக் கத்திக்கொண்டிருந்தது. முதன்முறையாக அது எங்களிடமிருந்து ஒளியவில்லை.

"பாருங்கக்கா, இதுதான் ஒங்க மெஷின் போடுற கூச்சல்!" என்று திரையைக் காட்டி அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "எங்க யாருக்கும் கேக்காது!"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குந்தான் கேக்கல. அதுக்குத்தானே வந்தேன்" என்றார்.

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இடம் தெரிந்தபிறகு என்ன இருக்கிறது? பேட்டரி வழியைச் சாந்தமாக வைத்திருக்க வேண்டிய ஒரு சின்னக் கண்டென்சர் காய்ந்து போயிருந்தது. எங்கள் டப்பாவில் இருந்த அதே அளவுக் கண்டென்சர் சற்று உயரம், நிறுத்தினால் மெஷினின் மூடி மூடாது. படுக்கவைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். மறுபடி முனையை வைத்தபோது நூல் பிடித்தது போல ஒரு கோடு. முதலாளி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அக்கா வயரைக் காதில் போட்டார். தலையைச் சாய்த்தார். தெருவில் பஸ் கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அக்காவின் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

"பசறை, லுணுகலன்னு கூப்புடுறான்" என்றார். இந்த முறை அவர் குரல் தாழ்ந்து, சாதாரணமாக வந்தது.

ஆனால் கடைக்குள் கேட்பது வேறு, வேலையிடத்தில் கேட்பது வேறு. அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. டீச்சர் தானும் வந்து பார்க்கவேண்டும் என்றார். முதலாளி எனக்கு லீவு தந்தார். பசறை தாண்டியபின் பஸ் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்து மடுல்சீமைக்கு ஏறியது. அக்காவின் தோட்டத்துக்கு அங்கிருந்து நடை. டீச்சர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறதா, குளிருக்கு அந்த இணைப்புத் தாங்குமா என்று. எனக்கும் அதே பயம்தான், வெளியே காட்டவில்லை.

பிள்ளை மடுவத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் துரைக்குப் பதில் சொல்லவேண்டியவர். அக்காவைத் தொட்டில்களுக்கு முதுகு காட்டி நின்று பால்மா கரைக்கச் சொன்னார். அவர் கரைத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரைக்கு மேலே காற்று. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசித் தொட்டிலுக்குள் ஒரு சிணுங்கல். அழுகைகூட இல்லை, அழலாமா என்று யோசிக்கிற சத்தம். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு, நேராக அந்தத் தொட்டிலுக்கே நடந்து போய் சேலையை விலக்கினார்.

உத்தியோகத்தர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "சரி, பாக்கியம் இங்கயே இருக்கட்டும். நான் தொரகிட்ட சொல்லிக்கிறேன்" என்றுவிட்டு வெளியே போனார்.

டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். சந்தோஷத்தில் இருவருக்கும் நிலைகொள்ளவில்லை. வாசலிலேயே நின்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது புரோப் செய்வது, அதற்கு இன்னும் சன்னமான ஊசி தேடுவது, பண்டாரவளையில் இருக்கும் அவருடைய சிநேகிதிக்கும் ஒன்று செய்து கொடுப்பது என்று இரகசியக் குரலில் திட்டம் போட்டோம்.

பாக்கியம் அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் அந்தக் குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பேரும் வெளியில போயி பேசுங்க. புள்ளைங்க தூங்குதுல்ல?"